அப்பாவின் காப்பிக் காடு: பலாவை எடுத்துவிட்டு சில்வர் ஓக் வைக்கலாமா?

கீழ்மலைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் காப்பிக் காடு இருக்கிறது. எல்லாம் அரபிகா வகைக் காப்பி. நிழலுக்குப் பலா, நாவல், அத்தி, இடையிடையே ஆரஞ்சு, மரங்களில் மிளகு. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முட்டி வலியோடு சரிவில் இறங்க முடியவில்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். நினைத்த நேரத்துக்கு மலையேற முடியாது.

காட்டுக்கு வண்டிப் பாதை கிடையாது. உரம் உள்ளே போவதும் காப்பி வெளியே வருவதும் குதிரையில்தான். பறிப்பு நேரத்தில் ஆள் கிடைப்பதே பாடு. கூலி, குதிரை வாடகை எல்லாம் போக, விலை ஏறிய இந்த இரண்டு மூன்று வருடமாகத்தான் கையில் ஏதோ நிற்கிறது. காட்டு மாடு வேறு வேலியை மிதித்துக்கொண்டு வருகிறது.

பக்கத்துக் காட்டுக்காரர், "நாட்டு மரத்தையெல்லாம் எடுத்துட்டு சில்வர் ஓக் தடிமரம் போடு, மிளகை ஏத்து, உன் வயசான காலத்துக்கு மரம்தான் பென்ஷன்" என்கிறார். இன்னொருவர் ரிசார்ட்டுக்கு இடம் கேட்கிறார். பலாவில் கை வைத்தால் வீட்டுப் படி ஏறாதே என்கிறார் அப்பா. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காட்டு மிளகு:
சில்வர் ஓக்கைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் அதை விற்றுத்தான் பெண்ணுக்குக் கல்யாணம் செய்திருப்பார்கள். நேராக வளரும், சீக்கிரம் வளரும், மிளகுக்கொடி பிடித்துக்கொள்ளும், நிழலுக்காகக் கிளை கழிக்கிற கவாத்தும் சுலபம். நாங்கள் கல்யாண முருங்கை என்கிற நிழல் மரத்தை நம்பி மிளகு ஏற்றியவர்கள். குளவி விழுந்து இலையெல்லாம் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு, மரத்தோடு கொடியும் போயிற்று. உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள் நண்பரே.

பண்ணைக்காட்டுப் பெரியவர்:
ஏற்காட்டுக்காரர் சொன்ன முருங்கைக் கதையையே நான் மறுபக்கமிருந்து சொல்கிறேன். ஒரே மரத்தை நம்பினால் அதுதான் நடக்கும். இந்த மலையில் விருப்பாச்சி வாழைக்கு என்ன ஆனது? முடிக்கொத்து நோய் வந்து காடு காடாகப் போயிற்று. 2019-ல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள், அதில் போடும் அந்த மலைவாழைக்கு இன்னும் இங்கே தட்டுப்பாடு.

அதைவிட முக்கியம், தம்பி, நிழலை ஒரேயடியாகத் திறந்தால் அரபிகாவுக்குள் தண்டுத் துளைப்பான் புகுந்துவிடும். அந்த வண்டுக்கு வெயில் பிடிக்கும். பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும், புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் இலை மஞ்சளடித்துத் தொங்கும், தண்டில் மேடு மேடாக வரி தெரியும். அப்புறம் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. மறுபடி நட்டால் மூன்று நான்கு வருடம் காய்ப்பு கிடையாது. சில்வர் ஓக் நிழல் கொடுக்கிற வரைக்கும் உன் செடியை யார் காப்பாற்றுவது?

ஐப்பசி அடைமழை சரிவில் நேரடியாக அடித்தால் மேல்மண் கல்கட்டைத் தாண்டி ஓடையில் போய் நிற்கும். அதுவும் ஒரு கணக்குதான், ஏற்காட்டுத் தம்பி.

வேண்டுமானால் பட்டுப்போன மரம் இருக்கும் இடத்தில், வேலியோரத்தில், பத்துக்கு ஒன்றாக ஓக் வை. யார் வேண்டாம் என்றது? ஆனால் பட்டா நிலம்தானே என்று ரம்பத்தை எடுத்துவிடாதே. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. வனத்துறையில் கேட்காமல் வெட்டினால் வழக்குதான்.

வத்தலக்குண்டு பஸ்:
குதிரை மட்டும் போகிற இடத்தில் ரிசார்ட்டா? முதலில் ஜேசிபி வந்து சரிவை வெட்டும், கீழ்க்காட்டுக்காரன் சண்டைக்கு வருவான். மலையில் கட்டடம் கட்ட ஹாக்கா (மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி வாங்கிவிட்டாரா என்று அவரிடம் கேளுங்கள். அப்புறம் போனே வராது.

கீழ்மலைக்காரன்:
நன்றி ஐயா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், "அந்தப் பெரியவர் யாரு?" என்று கேட்டுச் சிரித்தார். சரி, பலா இருக்கட்டும். ஆனால் ஆள் பிரச்சினை அப்படியேதானே இருக்கிறது? இந்த வருடப் பறிப்பைக் குத்தகைக்கு விடலாமா?

பண்ணைக்காட்டுப் பெரியவர்:
விடாதே. குத்தகைக்காரனுக்கு இந்த ஒரு வருடம்தான் கணக்கு. பச்சைக்காய், பழம் எல்லாவற்றையும் ஒரே உருவாக உருவிக் கிளையை ஒடித்துவிட்டுப் போவான். அடுத்த வருடம் உனக்கு எது காய்க்கும்?

பக்கத்தில் இரண்டு மூன்று சின்னக் காட்டுக்காரர்களோடு பேசி, ஒரே பறிப்புக் கூட்டத்தையும் ஒரே குதிரைக்காரரையும் முறை வைத்துக் கூப்பிடுங்கள். நாலு நாள் வேலைக்கு வராத ஆள், இருபது நாள் வேலை என்றால் வருவார்கள். பழத்தோலை உரிக்கிற பல்ப்பரும், காயவைக்கிற களமும் யாரிடம் இருக்கிறதோ அங்கேயே கழுவிக் காயவைக்கலாம், பழமாகவே வியாபாரியிடம் கொடுக்க வேண்டியதில்லை.

சித்திரைக்கு முன்னால் ஒரு தடவை மேலே வந்து, தேங்காய் மட்டையால் தண்டுகளைத் தேய்த்து உதிர்பட்டையை எடுத்துவிடு. வண்டு பறக்கிற காலம் அது. சந்தேகம் இருந்தால் தாண்டிக்குடியிலேயே காப்பி வாரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒரு தண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டு.