புதுப்பிப்பு: லெம்மியில் ஐடி ஆட்கள் எங்கே?

பழைய தளத்தை விட்டு, தலைப்புவாரியான குழுக்களில் பேசிக்கொள்ளும் விவாதத் தளமான லெம்மிக்கு வந்தபிறகு சிஸ்டம் அட்மின், நெட்வொர்க் ஆட்கள் கூடும் குழுக்கள் கண்ணிலேயே படவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பாதி விடை கிடைத்துவிட்டது.

லெம்மி என்பது ஒரே சர்வர் இல்லை. ஆக்டிவிட்டிபப் நெறிமுறையால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல சர்வர்கள். நம் சர்வரில் யாராவது ஒருவர் முதலில் தேடி எடுத்தால்தான் வெளிக் குழு நம் தேடலில் தலைகாட்டும். சின்ன சர்வரில் கணக்கு வைத்திருந்தால் வெறும் பக்கம்தான். ஆச்சரியக்குறி, குழுவின் பெயர், @, சர்வர் முகவரி என்று முழுசாகத் தேடல் பெட்டியில் ஒட்டிக் கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடுகிறது. பழைய பதிவுகள் சிலதான் வரும், அவற்றின் பின்னூட்டங்கள் வராது. ஆளே இல்லையே என்று உடனே மூடிவிடாதீர்கள்.

புரோகிராமிங்.டெவ் சர்வரில் நிரலாளர்களுக்குக் குறைவில்லை. வீட்டிலேயே சர்வர் ஓட்டுகிறவர்களும் ஏராளம் (அவர்கள் போடும் ஹார்ட் டிஸ்க் புகைப்படங்களைப் பார்த்து அலுத்துவிட்டது). ஆனால் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் மைக்ரோசாஃப்ட் பேட்ச் (பிழைதிருத்தத் தொகுப்பு) வெளியானதும், "பிரிண்டர் போச்சு, டொமைன் கன்ட்ரோலர் ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கிறது, உங்களுக்கும் அப்படியா?" என்று ஒரு இழை சூடாக ஓடுமே, அந்தக் கூட்டம் இன்னும் சிக்கவில்லை. அதுவரை சர்வர் ஃபால்ட் என்ற கேள்வி-பதில் தளத்தில் 2009 முதல் சேர்ந்திருக்கும் கேள்விகளைத் துழாவிக்கொண்டிருக்கிறேன். அப்படியொரு குழு தெரிந்தால் முழு முகவரியோடு போடுங்கள்.