ஆனோடில் 265 வோல்ட்: எஸ்.பி.எம்.-20 புரோப் பழுது குறித்த விவாதம்

கதிரளவன்:
பழுதுநீக்கி என்ற அன்பர் இங்கே இட்டிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சோவியத் காலத்து எஸ்.பி.எம்.-20 என்ற, கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் கைகர் குழாய் வைத்த புரோபில் எண்ணிக்கை குறைந்தால், குழாயின் ஆனோடில் (நேர்மின்வாயில்) மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அது 265 வோல்ட் காட்டினால் மின்வழங்கி தளர்ந்துவிட்டது என்கிறார். மீட்டர் 400 காட்டும் வரை மின்வழங்கியின் திருகைத் திருப்பச் சொல்கிறார். இதை நம்பிச் செய்கிறவர்கள் நல்ல குழாயைக் கெடுத்துக்கொள்வார்கள். ஆனோடுக்கு முன்னால் 5.1 மெகா ஓம் மின்தடை இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். மின்வழங்கி சரியாக 400 வோல்ட் தந்தாலும் அது இவ்விரண்டுக்கும் இடையே பங்கிடப்பட்டு, மீட்டரில் 265தான் தெரியும். அதே இடத்தில் 400 தெரியும்படி திருப்பினால், மீட்டரை எடுத்த கணத்தில் குழாய்க்குக் கிடைப்பது 604 வோல்ட். அந்தக் குழாயின் பிளாட்டோ, அதாவது மின்னழுத்தம் மாறினாலும் எண்ணிக்கை அதிகம் மாறாத பகுதி, 350 முதல் 475 வோல்ட் வரைதான்.

பழுதுநீக்கி:
நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பழுது பார்ப்பவன் அல்லன். மேசையில் கருவியைத் திறந்து வைத்துக் கற்றவன். திருகைத் திருப்புவதற்கு முன் நிமிடத்துக்கு 5 எண்ணிக்கை வந்தது. திருப்பிய பின் 90 வருகிறது. செத்துக் கிடந்த புரோப் உயிர்பெற்றிருக்கிறது. மீட்டர் 265 காட்டியது என்பது என் கண்ணால் கண்டது. உங்கள் 604 வோல்ட்டை யாராவது கண்ணால் கண்டார்களா?

கதிரளவன்:
மீட்டரை வைத்த கணத்திலேயே நீங்கள் அளக்க வந்த மின்னழுத்தம் மாறிவிடுகிறது என்பதுதான் என் வாதம். அதற்குப் பதில் சொல்லாமல் 265ஐயே திரும்பச் சொல்கிறீர்கள். எண்ணிக்கைக்கு வருவோம். சாதாரணப் பின்னணிக் கதிர்வீச்சில் நல்ல எஸ்.பி.எம்.-20 நிமிடத்துக்கு 20ஐ ஒட்டித்தான் எண்ணும். பிளாட்டோவுக்குள் ஒரு வோல்ட்டுக்கு 0.1 விழுக்காடு அளவே எண்ணிக்கை மாற வேண்டும். அருகில் எந்தக் கதிர்மூலமும் இல்லாமல் 90 வந்தால், ஒரு துகளுக்கு ஒரு மின்துடிப்பு என்ற ஒழுங்கு குலைந்துவிட்டது, குழாய் தானாகவே துடிக்கிறது என்று பொருள். இன்னும் சற்று ஏற்றினால் மின்னிறக்கம் நிற்காமல் தொடரும். பிறகு அந்தக் குழாயை எதனாலும் மீட்க முடியாமல் போகலாம்.

ஆய்வகமேசை:
இருவருமே மின்காப்புப் பகுதியைப் பற்றிப் பேசவில்லை. குழாயின் முனையிலும் கேபிள் இணைப்பானிலும் கைரேகைப் பிசுக்கும் ஈரமும் படிந்தால் மின்கசிவு ஏற்படும். ஆனோடின் அழுத்தம் உண்மையாகவே இறங்கும். எதையும் திருப்புவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலரவிட்டு, மீண்டும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். குழாயின் முனையில் நேரடியாக ஈயப்பற்று வைப்பதையும் தவிருங்கள். சூட்டில் கண்ணாடி அடைப்பு விரிசல் விட்டால் வாயு வெளியேறிவிடும்.

கதிரளவன்:
துடைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இங்கே கசிவு இருந்திருந்தால் மீட்டர் 265 காட்டியிருக்காது. 10 மெகா ஓம் கசிவு ஒன்று மீட்டருக்கு இணையாகச் சேர்ந்திருந்தால் 200க்கும் கீழே இறங்கியிருக்கும். 265 என்ற அந்த எண்ணே மின்வழங்கியும் காப்பும் நலமாக இருப்பதற்குச் சான்று.

பழுதுநீக்கி:
எல்லாம் நலம் என்றால் 5 எண்ணிக்கை ஏன் வந்தது? இதற்கு மட்டும் விடை சொல்லாமல் நழுவுகிறீர்கள். முன்பு இதே போல என் டி.பி.-5 கதிர்வீச்சு மானி பற்றிய பதிவிலும் வந்து குறை சொன்னீர்கள்; அதை நான் மறக்கவில்லை.

கடலோடி:
எண்ணிக்கையில் ஐயம் இருந்தால் கதிர்மூலத்தில்தான் சோதிக்க வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். குழாய் நன்றாக இருந்தால் எண்ணிக்கை உடனே ஏறும்.

கதிரளவன்:
அந்த மணலில் இருக்கும் மோனசைட் கனிமத்தில் கதிரியக்கத் தோரியம் உள்ளது. அணுசக்திச் சட்டப்படி அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். உரிமமின்றி அள்ளி வந்து வீட்டில் வைக்கச் சொல்லாதீர்கள். தோரியம் ஏற்றிய பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் (ஒளிரும் வலை) கிடைத்தால் அதைச் சிதைக்காமல் உறையில் வைத்துப் பயன்படுத்தலாம். பொட்டாசியம் குளோரைடு கூடச் சிறிது ஏற்றம் காட்டும்.

கடலோடி:
அள்ளி வரச் சொன்னதாக நான் எங்கே எழுதினேன்? கருவியை எடுத்துக்கொண்டு அங்கே போகச் சொன்னேன். நாங்கள் பிறந்து வளர்ந்த கரையைப் பற்றி எங்களுக்கே சட்டம் கற்பிக்க வேண்டாம்.

ஆய்வகமேசை:
அந்தக் குழாய்க்கு எஃகுச் சுவர். ஆல்ஃபா துகள் உள்ளே புகாது. மேன்டிலை வைத்தாலும் பீட்டாவும் காமாவும்தான் எண்ணப்படும். அதையும் குறிப்பிட்டிருக்கலாம்.

கதிரளவன்:
ஆல்ஃபாவைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. பேச்சைத் திசைதிருப்ப வேண்டாம். 5 ஏன் வந்தது என்றால், துடிப்பை வெளியே எடுக்கும் பகுதியைப் பாருங்கள்: இணைப்பு மின்தேக்கி, எதிர்மின்வாய்ப் பக்கத்து மின்தடை, ஒப்பீட்டுச் சுற்றின் வரம்பு (எந்த அளவு துடிப்பை எண்ணலாம் என்று முடிவுசெய்யும் எல்லை). துடிப்பு சிறுத்து வரம்பைத் தொடாமல் போனாலும் எண்ணிக்கை குறையும். அழுத்தத்தைக் கூட்டினால் துடிப்பு பெருத்து வரம்பைத் தாண்டிவிடும். உங்கள் திருகு அந்தப் பழுதை மறைத்திருக்கிறது. திருகை முதலில் இருந்த இடத்துக்கே கொண்டுவாருங்கள். 990 மெகா ஓமுக்கு மின்தடைகளைத் தொடராகக் கோத்து மீட்டருடன் சேருங்கள். 400 வோல்ட்டுக்கு மீட்டரில் ஏறத்தாழ 4 வோல்ட் தெரியும், ஆனோடும் அசையாது. பிறகு 320இலிருந்து 20 வோல்ட் ஏற்றத்தில் ஒவ்வொரு படியிலும் எண்ணி வரைபடம் போடுங்கள். அந்த வரைபடத்தைக் காணாமல் 90ஐ நான் ஏற்க மாட்டேன்.

பழுதுநீக்கி:
உங்களுக்காக நான் 990 மெகா ஓம் தேடி அலைய வேண்டியதில்லை. 265 காட்டியது, திருப்பினேன், எண்ணுகிறது. குறிப்பு அப்படியே இருக்கும்.

கதிரளவன்:
அப்படியானால் அந்தக் குறிப்பின் கீழே மின்வழங்கியின் முனையில், 5.1 மெகா ஓமுக்கு முன்னால், இப்போது எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதையாவது எழுதுங்கள். ஆனோடில் காட்டியதை வேண்டாம்.

பழுதுநீக்கி:
ஆனோடில் 400.