‘அம்மாயி வீடு’ குழு: தலை குளித்தாயா?

சனி, பகல் 1:05

கார்த்திக்: [வீடியோ, 14 நொடி]

கார்த்திக்: இப்போதுதான் வெளியே வந்தோம். ஓசீஸ் என்று ஒரு சைகடெலிக் ராக் குழுவின் கச்சேரி, ஆளைக் கிறங்கவைக்கிற மாதிரி இசை. உயிரோடுதான் இருக்கிறேன் 😀

குமார் மாமா: மாப்பிள்ளை, போட்டதும் என் போன்தான் போய்விட்டதோ என்று நினைத்தேன். ஒரே கரகரப்பு.

கார்த்திக்: போன் மைக் அந்தச் சத்தத்தைத் தாங்கவில்லை மாமா.

அம்மா: அங்கே மணி என்ன? இன்னும் வெளியிலா நிற்கிறாய்?

கார்த்திக்: பன்னிரண்டரை. நாலு பேர் சேர்ந்துதான் நிற்கிறோம் அம்மா, பஸ் வந்துவிடும்.

சித்தி: மேலே வளைவாகத் தெரிகிறதே, சர்ச்சா?

கார்த்திக்: பெயரே ‘தி சேப்பல்’ சித்தி. சான் பிரான்சிஸ்கோ வலென்சியா தெருவில் இருக்கிறது. 1914இல் கட்டிய கட்டடம். அந்தக் காலத்தில் இறந்தவர்களைக் கொண்டுவந்து வைத்து இறுதிச் சடங்கு செய்கிற இடமாம். 2012இலிருந்து கச்சேரி நடக்கிறது.

அம்மா: என்னது

அம்மா: இழவு வீட்டிலா போய் ஆடிவிட்டு வருகிறாய்

பிரியா: 😂😂😂

சித்தி: அம்மாயி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். “வாசற்படி ஏறும் முன்னால் தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்” என்கிறார்.

குமார் மாமா: அதை விடுங்கள். டிரம்ஸ் இரண்டு தெரிகிறதே மாப்பிள்ளை?

கார்த்திக்: விஷயமே அதுதான் மாமா. மற்ற குழுக்களில் டிரம்ஸ் பின்னால் மறைந்திருக்கும். இவர்கள் இரண்டு செட்டையும் மேடையின் முன்பக்கம் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் பல இடங்களில் ஒரே அடிதான். நான் நின்ற இடத்திலிருந்து மூன்று கை தூரம். ஒவ்வொரு அடிக்கும் சட்டை நெஞ்சில் ஒட்டி ஒட்டி விலகியது. பேஸ் கிட்டார்காரர் நாலைந்து சுரத்தையே பத்து நிமிஷம் சுற்றிச் சுற்றி வருகிறார். முதலில் சலிப்பாக இருந்தது. முடிக்கவே மாட்டார்களா என்றுகூடத் தோன்றியது. அப்புறம் எந்த இடத்தில் என்று தெரியவில்லை, நானும் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

குமார் மாமா: மாரியம்மன் பண்டிகைப் பம்பைதான். சாமி வரும்வரை அதே அடியை விடமாட்டார்கள்.

கார்த்திக்: பாடுகிறவர் ஜான் டுவையர். ஐம்பதைத் தொட்டவர். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிகிற கண்ணாடி மாதிரிக் கிட்டாரை ஏணைக் குழந்தை மாதிரி நெஞ்சுவரை தூக்கிக் கட்டியிருக்கிறார். பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை. நடுநடுவே “ஊவ்” என்று ஒரு சத்தம், அது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

பிரியா: தேடினால் நாலு பெயர் வருகிறது அண்ணா. ஓசிஎஸ், தீ ஓ சீஸ், ஓ சீஸ், ஓசீஸ். எல்லாம் ஒரே குழுவா?

கார்த்திக்: ஒரே ஆள் நடத்துகிற ஒரே குழு. தொடங்கியது 1997இல்.

குமார் மாமா: நம் கடைவீதி மாதிரி. பங்காளி பிரிந்தால் போர்டு மாறும்.

பிரியா: அது இருக்கட்டும். காதில் ஏதாவது வைத்திருந்தாயா?

கார்த்திக்: நீ வாங்கச் சொன்ன நுரை அடைப்பான்தான். முதல் பாட்டில் சும்மா சொருகினேன், நழுவிவிட்டது. அப்புறம் நீ சொன்னபடி விரலில் ஊசி மாதிரி உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டேன். சரியாக உட்கார்ந்தது. கூட வந்தவன் எதுவும் வைக்கவில்லை. இப்போது நான் பேசுவதற்கெல்லாம் “ஆங்?” என்கிறான்.

பிரியா: சத்தத்தை டெசிபலில் அளப்பார்கள். காதுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 வந்தால் 15 நிமிஷம்தான். அந்த அண்ணாவிடம் சொல். நாளைக்கும் காதில் இரைச்சல் இருந்தால் டாக்டரிடம் போகட்டும்.

கார்த்திக்: பஸ் வந்துவிட்டது. படுக்கப் போகிறேன்.

அம்மா: குளித்துவிட்டுப் படு கண்ணு

மாலை 6:50

அப்பா: தறியை நிறுத்திவிட்டு இப்போதுதான் பார்த்தேன். பிரியா, நம் தறிக் கூடத்தில் எத்தனை டெசிபல் இருக்கும்?

பிரியா: அளந்தால்தான் தெரியும் பெரியப்பா. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் எப்படிப் பேசுவீர்கள்?

அப்பா: பேச்சு ஏது. கை ஜாடைதான்.

பிரியா: அப்படியானால் 85ஐ எப்போதோ தாண்டியாயிற்று.

அம்மா: டிவியை அலறவிடுவது எதனால் என்று இப்போது தெரிகிறது

அப்பா: கார்த்தி, அந்த அடைப்பான் பத்து ஜோடி வாங்கி வா. தறி ஓட்டும் பையன்களுக்கும் ஆகும்.

பிரியா: அவன் பொங்கலுக்குத்தான் வருவான் பெரியப்பா. ஈரோட்டில் மருந்துக்கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம். திங்கட்கிழமை நான் வாங்கி வருகிறேன்.

இரவு 9:20

கார்த்திக்: இப்போதுதான் எழுந்தேன். அப்பா, வீடியோ கேட்டீர்களா?

அப்பா: கேட்டேன். பக்கத்துப் பக்கத்துத் தறி இரண்டும் எப்போதாவது ஒரே அடியில் சேரும். கொஞ்ச நேரம்தான், பிறகு விலகிவிடும். அந்த மாதிரி இருந்தது.

கார்த்திக்: அதேதான் அப்பா

அம்மா: தலை குளித்தாயா இல்லையா?