புதுப்பிப்பு: ‘ஏழாம் உலகம்’ முடித்துவிட்டேன்

இருண்ட நாவல்கள் மீது எனக்குள்ள தீராத மோகத்தைப் பற்றி இரண்டு வாரங்களுக்கு முன் இங்கே எழுதியபோது, 2003-இல் வெளிவந்த ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவலைப் பாதியில் மூடி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தேன். ‘வெறும் அதிர்ச்சிக்காக எழுதப்பட்டது, விட்டுவிடுங்கள்’ என்று ஒரு நண்பர் அதற்கு மறுமொழி எழுதினார். நேற்றிரவு கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டேன். அவருடைய கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

உடற்குறையுள்ளவர்களை ‘உருப்படி’ என்று எண்ணி, அவர்களைப் பிச்சையெடுக்க வைத்து, மாட்டைப் போல வாங்கி விற்கும் போத்திவேலு பண்டாரத்தை ஆசிரியர் அரக்கனாகத் தீட்டியிருந்தால் நாம் எளிதில் வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். ஆனால், பண்டாரம் தம் பெண்மக்கள்மீது உயிரையே வைத்திருக்கும் தகப்பன். அவர்களுடைய கல்யாணக் கவலையில் உருகுபவர். அதே மனிதர், தம் ‘உருப்படி’களில் ஒருத்தியான முத்தம்மையின் கையிலிருந்து அவள் பெற்ற பிள்ளையைப் பிரிப்பதைத் தொழிலின் ஒரு பகுதியாக மட்டுமே காண்கிறார். அவர் மனசாட்சியில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது.

பிச்சைக்காரர்கள் தமக்குள் அடிக்கும் கேலியையும் சொல்ல வேண்டும். நான் வாய்விட்டுச் சிரித்தேன், உடனே கூசினேன். பாலாவின் ‘நான் கடவுள்’ (2009) இந்நாவலிலிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சமே என்பதால், படம் பார்த்தவர்களும் இதைத் தயங்காமல் வாசிக்கலாம். நாஞ்சில் வட்டார வழக்கு முதல் சில பக்கங்களில் தடுக்கும், பிறகு பழகிவிடும்.