வசந்தத்தில் திரும்பும் வலசைப் பறவைகளுக்கு ஃபீடர் (தீனிக் கலம்) வைக்கலாமா?

கீச்சொலி:
பகல் நீள ஆரம்பித்துவிட்டது, வலசை போன பறவைகள் திரும்பும் நேரம். ஃபீடரைக் கழுவிக் காயவைத்துத் தோட்டத்தில் மாட்டிவிட்டேன். நீங்களும் மாட்டுங்கள். வட அமெரிக்காவில் பூந்தேன் குடிக்கும் செந்தொண்டை ஹம்மிங் பறவையின் எடை 3 கிராம்தான். அது மெக்சிகோ வளைகுடாவைச் சுமார் 800 கிலோமீட்டர் நிற்காமல் கடந்து வருகிறது. கிளம்புமுன் சேர்த்த கொழுப்பெல்லாம் கரைந்துதான் கரையிறங்கும். பூக்கள் சரியாக விரியாத அந்த வாரங்களில் ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் பெரிய ஆறுதல்.

மரநிழல்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. பூ இல்லாத நாட்களில் அந்தப் பறவை மரங்கொத்தி போட்ட துளையில் கசியும் சாறைக் குடிக்கும், பொடிப் பூச்சிகளைப் பிடிக்கும். ஃபீடர் என்று ஒன்று வருவதற்கு முன்பும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. என் பெரிய கவலை நோய். 2021இல் அமெரிக்காவில் பைன் சிஸ்கின் என்ற சிறு ஃபிஞ்சுகள் (தானியம் தின்னும் குருவி வகை) சால்மொனெல்லா என்ற பாக்டீரியாத் தொற்றில் செத்து விழுந்தன. பல மாநில வனவிலங்குத் துறைகள் ஃபீடர்களை இறக்கச் சொன்னன. மனிதர்களுக்கும் தொற்றியது. 1994இல் அங்கே ஹவுஸ் ஃபிஞ்சுகளிடம் தெரியவந்த கண்நோய் இன்றும் ஒழியவில்லை. அந்த நோய் வந்த பறவையை அருகில் பார்த்திருக்கிறீர்களா? இமை வீங்கிக் கண்ணை மூடிவிடும். தட்டின் ஓரத்தில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தானியம் காலடியிலேயே கிடக்கும், அதற்குத் தெரியாது.

கீச்சொலி:
பார்த்திருக்கிறேன், மனசு பதறும். ஆனால் 2021இல் இறக்கச் சொன்னது தொற்று அடங்கும் வரைக்கும்தான். நீங்கள் சொல்லும் இரண்டுமே கூட்டமாகத் தானியம் தின்னும் ஃபிஞ்சுகளின் கதை. ஹம்மிங் பறவை இன்னொன்றைப் பக்கத்தில் அண்டவிடாமல் துரத்தும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

புதுச்சிறகு:
ஒரு சந்தேகம். தீனி கிடைத்தால் பறவை இங்கேயே தங்கிவிடும், வலசையை மறந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

கீச்சொலி:
இல்லைங்க. கிளம்பச் சொல்வது பகலின் நீளமும் உடம்புக்குள் ஓடும் கடிகாரமும்தான். தட்டு நிறைய இருந்தாலும் நேரம் வந்தால் போய்விடும்.

மரநிழல்:
அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாது. ஒரு பறவையை ஃபீடர் பிடித்து வைக்காது, சரி. தலைமுறை தலைமுறையாகப் பாருங்கள். நடு ஐரோப்பாவில் இனப்பெருக்கம் செய்யும் பிளாக்கேப் என்ற சிறு பாடும் பறவைகள் குளிருக்குத் தெற்கே போகும். அவற்றில் ஒரு பகுதி இப்போது பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. காரணம் தணிந்த குளிரும், தோட்டங்களில் வைக்கும் தீனியும்தான். நாம் வைக்கும் கைப்பிடித் தீனி வலசைப் பாதையையே மாற்ற முடியும் என்றால், யோசிக்காமல் வைக்கலாமா?

இன்னொன்று, ஆறுதல் என்கிறீர்களே, யாருக்கு? வசந்தத்தில் வரும் கதிர்க்குருவி, தகைவிலான், ஈப்பிடிப்பான் எதுவும் தானியத் தட்டுக்கு வருவதில்லை. பெரும்பாலானவை பூச்சியை நம்பியே வருகின்றன. அந்தந்த மண்ணின் மரம் ஒன்றை நடுங்கள். வட அமெரிக்க ஓக் மரங்கள் 500க்கும் மேற்பட்ட வகைக் கம்பளிப்புழுக்களுக்குச் சோறு போடுகின்றன. அங்குள்ள சிக்கடீ என்ற சிறு பறவை வலசை போகாததுதான், ஆனாலும் கணக்கைப் பாருங்கள். ஒரு ஜோடி ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்க ஆயிரக்கணக்கான புழு வேண்டும். எந்த ஃபீடர் அதைத் தரும்?

கீச்சொலி:
மரம் நடுவதை யார் வேண்டாம் என்றார்கள்? அது வளர்ந்து புழு பிடிக்கும் வரை இந்த வசந்தத்தில் வருகிற பறவை என்ன செய்யும்? வாடகை வீட்டு பால்கனியில் இருப்பவர் எந்த மரத்தை நடுவார்? தினமும் ஜன்னலோரம் ஒரு பறவையைப் பார்க்கிற பிள்ளைதான் நாளைக்கு மரத்துக்காகச் சண்டை போடும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜன்னலோரம்:
அந்த ஜன்னலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கட்டடங்களில் மோதி அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் சாகின்றன என்பது 2014இல் வந்த ஆய்வின் மதிப்பீடு. ஃபீடரைக் கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் வையுங்கள், வேகமெடுக்க இடமிருக்காது. இல்லையென்றால் 9 மீட்டருக்கு அப்பால். நடுவில் வைப்பதுதான் ஆபத்து. அப்புறம், பாடும் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை வரும், வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள்.

மரநிழல்:
இது நல்ல யோசனை. கீச்சொலி, உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் "நீங்களும் மாட்டுங்கள்" என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. மாட்டுகிற எல்லோரும் கழுவுவார்களா? சர்க்கரைத் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். உறிஞ்சும் துளையைச் சுற்றிக் கறுப்பாகப் பூஞ்சை படரும். கழுவ நேரமில்லாதவர் மாட்டாமல் இருப்பதே பறவைக்குச் செய்யும் உதவி.

கீச்சொலி:
சரி, அந்த நிபந்தனையோடு சொல்கிறேன்: கழுவ முடிந்தவர்கள் மாட்டுங்கள். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். தேன் வேண்டாம், சிவப்புச் சாயமும் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்றுங்கள், வெயில் ஏறினால் தினமும். நோய்ப்பட்ட பறவை ஒன்று கண்ணில் பட்டாலும் எல்லா ஃபீடர்களையும் இறக்கிவிடுங்கள். என்னுடையது தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

புதுச்சிறகு:
கழுவ சோப்பு போடலாமா, வெந்நீர் போதுமா?

மரநிழல்:
சர்க்கரைத் தண்ணீர் ஃபீடருக்கு வெந்நீரும் பிரஷும் போதும், துளைகளுக்குள் விட்டுத் தேயுங்கள். தானிய ஃபீடரைச் சோப்பு போட்டுக் கழுவி, ஒன்பது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே தானியம் போடுங்கள்.