மறு: வேறு ஆளின் பெயரில் உலவும் மேற்கோளுக்கு ஒரு சொல்

வணக்கம்.

> 'போலி மேற்கோள்' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் தம்பி, ஆனால் பிழையாக விளங்கும். போன கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு விவாதப் போட்டி. மேடைப் பதாகையில் கொட்டை எழுத்தில், "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்." கீழே பிரெஞ்சு மெய்யியலாளர் வோல்டயரின் பெயர். அந்த வசனத்தை எழுதியவர் ஈவ்லின் பியட்ரிஸ் ஹால். எஸ். ஜி. டாலன்டயர் என்ற புனைபெயரில், வோல்டயரின் நண்பர்களைப் பற்றி 1906இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. வோல்டயர் காலத்து மெய்யியலாளர் ஹெல்வேஷியஸின் புத்தகம் எரிக்கப்பட்ட விஷயத்தில் வோல்டயரின் மனப்போக்கைத் தன் வார்த்தையில் சொல்லி, மேற்கோள்குறியும் போட்டுவிட்டார். வோல்டயரின் வாய்ச்சொல்லாக அதைத் தரவில்லை என்று பிறகு அவரே விளக்கினார். வசனம் அசல்தான், பெயர்தான் மாறிவிட்டது. அதைப் போலி என்றால், புனைபெயருக்குள் இருந்த அந்தப் பெண்ணை இன்னும் ஆழமாகப் புதைக்கிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை.

என் முன்மொழிவு: பெயரேற்ற மேற்கோள்.

தற்குறிப்பேற்ற அணி பள்ளியில் எல்லாரும் படித்ததுதான். மதுரைக் கொடிகள் காற்றில் தம்பாட்டில் அசைகின்றன. 'வராதே' என்று கோவலனுக்குக் கைகாட்டுவதாக இளங்கோ தம் கருத்தை அவற்றின்மேல் ஏற்றுகிறார். இல்லாததை ஒன்றின்மேல் வைப்பதற்கு 'ஏற்றுதல்' நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் வினை. அதுபோல ஒரு வசனத்தின்மேல் அதற்கு உரியதல்லாத பெயரை ஏற்றும் செயலைப் 'பெயரேற்றம்' எனலாம்.

> எழுதியவர் யாரென்றே தெரியாவிட்டால்?

அது வேறு வகை, இதற்குள் திணிக்க வேண்டாம். குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. கபிலர் என்று போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? 'செம்புலப் பெயல்நீர்' என்ற அவருடைய தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். எவ்வளவு நேர்மை! அத்தகையவற்றுக்குப் 'பெயரறியா மேற்கோள்' போதும்.

சரி, நம் சொற்பட்டியலுக்கான வரைவு:

பெயரேற்ற மேற்கோள்: ஒருவருடைய வசனம், அதைச் சொல்லாத இன்னொருவர் பெயரில் வழங்குவது. எ-டு: "நாம் திரும்பத் திரும்பச் செய்வதே நாம்" என்பது. அரிஸ்டோட்டிலின் கருத்தைச் சுருக்கி அமெரிக்க எழுத்தாளர் வில் டூரன்ட் 1926இல் எழுதியது. அரிஸ்டோட்டில் பெயரில் வழங்குகிறது.

மெய்யியல் கற்பிப்பவர்கள் வரையறையை ஒருமுறை பாருங்கள். ஆட்சேபம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சேர்த்துவிடுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து,
அன்புடன்