மறு: கிராஃப்ட் பியருக்கு ஒரு தமிழ்ச் சொல்

> ஊருக்கு ஊர் மாறும் பியர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரிய நிறுவனங்களைச் சாராத சிறு ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பியருக்குக் 'கைவினை பியர்' என்று போடலாமா? 'சிற்றாலை பியர்' என்றும் ஒருவர் சொன்னார். குழுவினர் கருத்து தேவை.

அக்கா, வணக்கம்.

கைவினை வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் ராமேஸ்வரத்துச் சிப்பி மாலையும் பனையோலைப் பெட்டியும்தான் கண்முன் வருகின்றன. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்த பியருக்கு வழியில்லை என்று புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனேன். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் உயர எவர்சில்வர் தொட்டிகள், குழாய்கள், அழுத்தமானிகள். கைவேலை என்று சொல்ல வால்வைத் திருப்புவதுதான் இருந்தது. கோதுமை பியர் ஒன்று வாங்கினேன். கலங்கலாக, பழுத்த வாழைப்பழ வாசனையோடு வந்தது. பழம் எதுவும் சேர்க்கவில்லை, அது முழுக்க, நொதிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டின் வேலை. ஜெர்மனியின் பவேரியாவில் இந்த வகைக்கென்றே ஒரு ஈஸ்டை வைத்திருக்கிறார்கள். வேறு ஈஸ்டைப் போட்டால் அதே கோதுமையில் அந்த வாசனை வராது.

சிற்றாலை இன்னும் சிக்கல். அமெரிக்காவில் பியர் ஆலைகளின் சங்கம் கிராஃப்ட் ஆலைக்கு வைத்திருக்கும் வரையறைப்படி, ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய் வரை காய்ச்சினாலும் 'சிறியது'தான். லிட்டரில் கிட்டத்தட்ட 70 கோடி! அதே வரையறையில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: வெளி மது நிறுவனம் எதற்கும் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருக்கக் கூடாது. நல்ல நிபந்தனைதான், ஆனால் அது கணக்குப்பிள்ளை பார்க்க வேண்டியது. குடிக்கிறவர் நாக்குக்குத் தெரியாது.

நாக்குக்குத் தெரிவது ஊர். பெல்ஜியத்தில் பிரசல்ஸ் பக்கத்தில் லாம்பிக் என்று ஒரு பியர். பார்லி, கோதுமை கொதித்த சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி இரவெல்லாம் திறந்தே வைத்துவிடுவார்கள். ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் மரப்பீப்பாயிலும் இருக்கிற நுண்ணுயிர்களே வந்து பார்த்துக்கொள்ளும். அதில் ஒன்றின் பெயரிலேயே ஊர் இருக்கிறது: பிரெட்டனோமைசிஸ் பிரசெலென்சிஸ். கோடையில் கெடுக்கிற கிருமிகள் பெருகிவிடும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டும் காய்ச்சி, பீப்பாயில் ஒன்றிரண்டு வருடம், சில சமயம் மூன்று வருடம்கூட வைத்திருப்பார்கள்.

இதைப் படித்தபோது சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுதான் என் மனசில் ஓடியது. நமக்குப் பருவம் நேர் எதிர், பங்குனி சித்திரை வெயிலில்தான் பாளை சுரக்கும். காலையில் இறக்கிய கலயத்தை எட்டிப் பார்த்தால் உள்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு, மேலே இரண்டு எறும்பு, ஒரு தேனீ. அது பதநீர். சுண்ணாம்பு தடவாத கலயம் என்றால் வெள்ளை நுரை கட்டி, காதை வைத்தால் பொசுபொசுவென்று சத்தம் கேட்கும். (1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் இந்த இரண்டாவதை நான் பார்த்திருக்கவே முடியாது.) அங்கேயும் யாரும் ஈஸ்ட் போடவில்லை, காற்றும் பழைய கலயமுமே போதும். லாம்பிக் வருடக்கணக்கில் செய்வதைக் கள் அரை நாளில் முடித்துவிடுகிறது, அவ்வளவுதான். தானாகவே நொதிக்கும் இந்த முறைக்குத் 'தன்னூறல்' என்று வைக்கலாம். அதற்குக் கள்ளையே எடுத்துக்காட்டாகச் சொன்னால் வாசகருக்கு விளக்கவே வேண்டாம்.

> ஊறல் என்ற சொல்லே வேண்டாம் தம்பி. பேப்பரில் 'சாராய ஊறல் அழிப்பு' என்று படித்துப் பழகிவிட்டோம்.

அண்ணாச்சி சொல்வது சரிதான், போலீஸ் செய்தியில் நாறிப்போன சொல். ஆனாலும் விடக் கூடாது என்பது என் கட்சி. தானியமோ வெல்லமோ நீரில் கிடந்து நொதிப்பதற்கு மக்கள் வாயில் இருக்கிற சொல் அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டால் பியரின் இரண்டு பெரிய வகைகளான ஏலுக்கு மேலூறல், லாகருக்குக் கீழூறல் என்று வரிசையாக வந்து விழும். ஒன்றில் ஈஸ்ட் மேலே நுரையோடு திரளும், மற்றதில் குளிரில் மெதுவாக வேலை செய்து அடியில் படியும்.

தோப்பி என்று ஒருவர் எழுதியிருந்தார். பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் ஆக்கிய கள்ளாக வருவது. பொருள் கச்சிதம், எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைக்குப் பியர் பக்கத்தில் தோப்பி என்று எழுதினால் பாதிப் பேர் தொப்பை என்றுதான் படிப்பார்கள். சீமைக்கள்ளும் ஆகாது. சீமைக் கருவேலத்தோடு மல்லுக்கட்டும் மாவட்டத்தில் சீமை என்று தொடங்கும் எதையும் விற்க முடியாது.

என் பரிந்துரை: ஊர் பியர். அலங்காரம் இல்லைதான். ஆனால் உடன்குடிக் கருப்பட்டி, ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று ஊரை முன்னால் வைத்துத்தானே தரத்தைச் சொல்கிறோம்? முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. 'இது எந்த ஊர் பியர்?' என்று கேட்டால் கேள்வியும் வகையும் ஒன்றாகவே நிற்கும்.

கட்டுரையில் கோசே பியருக்கு இடம் இருக்கிறதா? ஜெர்மனியில் கோஸ்லார் ஊரில் தொடங்கி லைப்சிக்கில் வேரூன்றியது. புளிப்பு, உப்பு, கொத்தமல்லி விதை. படித்ததும் நீர்மோர் மாதிரி இருக்கிறதே என்றுதான் தோன்றியது. இதை மட்டும் வாலிநோக்கம் உப்பு போட்டு யாராவது காய்ச்சினால் நான் வரிசையில் முதல் ஆள்.

மண்டபத்திலிருந்து

*

தம்பி, ஊர் பியரும் தன்னூறலும் எடுத்துக்கொள்கிறேன். மேலூறல், கீழூறல் முதல் தடவை வரும்போது ஏல், லாகரையும் கூடவே எழுதிவிடுவேன். தோப்பியை விட மனசில்லை, பெட்டிச் செய்தியிலாவது வரும். தொப்பை என்று படிப்பவர்கள் படிக்கட்டும்.

ஈஸ்ட் போடுவதற்கு முந்தின இனிப்புச் சாற்றுக்கு என்ன சொல்வது? பதநீர் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் பனை இல்லாத பதநீரை உங்கள் ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா?

*

அக்கா, ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முளைச்சாறு என்று போடுங்கள், முளைகட்டிய பார்லியிலிருந்து வருவதுதானே. பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் ஹாப்ஸாகவே இருக்கட்டும். நம் பக்கம் விளையாத கொடிக்கு நாம் ஏன் பெயர் சூட்டி அவஸ்தைப்பட வேண்டும்?